கறன்ற் சிகரெட்டும் வீங்கிய பற்றறிகளும்

பற்றறி விற்கிறவர்களுக்கு எப்போதும் இரண்டு பயம்: விற்ற பற்றறி வேலை செய்யாமல் திரும்பி வந்துவிடுமோ என்பது ஒன்று, வேலை செய்கிற வேகத்தில் வெடித்துவிடுமோ என்பது மற்றது.

ஸ்காபரோவில் ஒரு பிளாசா. இடியப்பக் கடைக்கும் சாறிக் கடைக்கும் நடுவில் இருந்த செல்போன் கடையில் நான் வேலைக்கு நின்றேன். முதலாளி குகன் அண்ணை. அவருக்குக் கீழே நான் ஒருத்திதான். போன், சார்ஜர், பற்றறி, கோலிங் கார்ட், உறை எல்லாம் விற்போம். நாட்டில் சண்டை முடிந்த அந்த வருஷம், தை தொடங்கி வைகாசி வரைக்கும், கடைக்கு வந்தவர்களில் அரைவாசிப் பேருக்கு சண்டை நடந்த வன்னிக்குள் யாராவது அகப்பட்டிருந்தார்கள். அங்கேயிருந்து எப்போது கோல் வரும் என்று தெரியாது. வந்தால் கையில் இருக்கிற இந்த நம்பருக்குத்தான் வரும். அதனால் ஒருவரும் போனை அணைக்கவில்லை, சார்ஜரிலிருந்து கழற்றவுமில்லை. லிதியம் பற்றறிக்கு அது ஒத்துவராது. நீங்களும் ஒரு காலத்தில் போனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தவர்கள்தானே? உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப் போகிறேன்?

தலையணைக்குக் கீழே

ரூஜ் பக்கமிருந்து ஒரு அன்ரி வருவார். தம்பி குடும்பத்தின் கோலுக்காகக் காத்திருந்தவர். ஒருநாள் கொண்டுவந்த போனின் முதுகு மூடி பூட்டுப்படவில்லை, றப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருந்தார். கழற்றிப் பார்த்தால் பற்றறி அப்பம் மாதிரி நடுவில் உப்பியிருக்கிறது. எங்கே வைத்துச் சார்ஜ் பண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். தலையணைக்குக் கீழே என்றார். சத்தம் கேட்க வேண்டுமாம்.

சூடு போக இடமில்லாமல் பஞ்சுக்குள் வைத்து இரவிரவாகச் சார்ஜ் பண்ணினால் ஒருநாள் தலைமயிரோடு எரியும் என்று பயம் காட்டினேன். புதுப் பற்றறி போட்டு, மணிச்சத்தத்தைக் கூட்டிவிட்டு, "அன்ரி, உங்கடை கண் எந்த நேரமும் படுற இடமாப் பாத்து வையுங்கோ" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த கிழமை வந்து, பிரச்சினை ஒன்றும் இல்லை என்றார். எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். சாமித்தட்டிலாம். பட்டுத்துணிக்கு மேலே, எரிகிற விளக்குக்குப் பக்கத்திலே, கற்பூரப் பெட்டியில் சாய்த்து வைத்திருக்கிறாராம். நான் தலையில் கை வைத்தேன். அன்ரிக்கு ஒரே ஆச்சரியம்.

"பிள்ளை, என்ர கண் எந்த நேரமும் நிக்கிற இடம் அதுதானே. வேற எங்க வைக்கிறது?"

நெருப்பில்லாத சிகரெட்

அந்தக் குளிர் காலத்தில்தான் குகன் அண்ணை ஒரு பெட்டி நிறையப் புதுச் சாமான் கொண்டுவந்தார். பார்த்தால் சிகரெட், தூக்கினால் பேனை. உள்ளே சின்ன லிதியம் பற்றறி. இழுத்தால் கம்பி ஒன்று சூடாகிப் புகை மாதிரி ஆவி வரும், நுனியில் சிவப்பு லைற் எரியும். முடிந்தால் அதன் சார்ஜரில் திருகி வைக்க வேண்டும். எங்கள் சனம் உடனே பெயர் வைத்துவிட்டது: கறன்ற் சிகரெட்.

முதலில் வாங்கினவர் தேவன் அண்ணை. ரக்சி ஓடுகிறவர். மனைவியும் மகள் சுபாவும் வன்னிக்குள். மகளுக்கு மனப்பாடமாய்த் தெரிந்த ஒரே நம்பர் அப்பாவின் செல் நம்பர்தான். ஒரு சிகரெட் முடிய முதல் மற்றதைப் பற்றவைக்கிற மனுஷன், முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார்: மனைவி, மகள் இரண்டு பேரின் குரலையும் காதால் கேட்கும் வரைக்கும் சிகரெட்டுக்கு நெருப்பு வைப்பதில்லை. நேர்த்தி வைத்த நாளிலிருந்து கை நடுங்கிக்கொண்டு திரிந்தார்.

அவர் அந்தச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுக்குள் நெருப்பு இருக்கிறதா என்று கேட்டார். நெருப்பு இல்லை அண்ணை, கம்பிதான் சூடாகிறது என்றேன். கம்பி சிவக்குமா என்று கேட்டார். கொஞ்சம் சிவக்கும் என்றேன். பிறகு வாங்கி, வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

"அப்ப முருகன் கேட்டா நீர்தான் பதில் சொல்லவேணும், தங்கச்சி."

ஹீற்றருக்குப் பக்கத்தில்

மாசி மாதக் குளிரில் எங்கள் சனம் நகர நடுவில் பதாகை பிடித்துக்கொண்டு றோட்டோரம் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்களும் நின்றிருப்பீர்கள். அந்தக் குளிரில் போன் பற்றறி சுருண்டு படுத்துவிடும். திரும்பி வரும் வழியில் கடைக்குள் பாய்ந்து, முதலில் தேடுவது பிளக் பொயின்ற். உறைந்த பற்றறிக்கு உடனே கறன்ற் கொடுக்கக் கூடாது, உள்ளுக்குள் கெட்டுப்போகும், பிறகு என்றைக்கு என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று நான் கெஞ்சுவேன். கெஞ்சினால் யார் கேட்கிறார்கள்? "தங்கச்சி, இந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள அவையள் கோல் எடுத்தா?" என்பார்கள்.

அவசரப்பட்ட ஒரு அங்கிள் சார்ஜரை விட்டுவிட்டு, போனைக் கொண்டுபோய் நிலத்து ஹீற்றரின் இரும்புக்கு மேலேயே வைத்தார். அது இன்னும் மோசம். ஓடிப்போய்ப் பிடுங்கி எடுத்து மேசையின் மறு முனையில் வைத்தேன். அங்கிளின் மீசையில் இன்னும் பனி கரைந்தபடி இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன் பிள்ளை, நாங்கள் எல்லாரும் ஹீற்றருக்குப் பக்கத்தில நிக்கிறம். போன் மட்டும் என்ன பாவம் செய்தது?"

கறிக்குக் கத்துவது

பேஸ்மென்ற் ஒன்றில் சேர்ந்திருந்த பொடியள் மூன்று பேர் கறன்ற் சிகரெட் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பற்றறிப் பக்கம் கருகிப்போயிருந்தது. அந்த அறைக்கு ஒரே ஒரு பிளக் பொயின்ற். அதில் ஒரு பவர் பார், அதில் இன்னொரு பவர் பார், அதிலிருந்து எல்லாருடைய போனும் சிகரெட்டும் மெத்தையில் வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஒருவனுடைய சார்ஜர் உடைந்துவிட்டது. திருகு பொருந்துகிறதே என்று வேறு ஏதோ ஒரு சார்ஜரில் சிகரெட்டைப் பூட்டியிருக்கிறான். திருகு பொருந்தினால் போதாது, நிரம்பினதும் கறன்றை நிறுத்துகிற சார்ஜர் வேண்டும். அந்தச் சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது.

மெத்தையில் கையளவு ஓட்டை விழுந்ததாம். யாரோ தண்ணீர் குடிக்க எழும்பினதால் பிழைத்திருக்கிறார்கள். வீட்டில் புகை அலாரம் இல்லையா என்று கேட்டேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருக்கிறதாம். அதன் பற்றறியைக் கழற்றி மேசை லாச்சியில் போட்டுவிட்டார்களாம். மிளகாய் பொரிக்கிற நேரமெல்லாம் அது கத்தி, மேல்வீட்டுக்காரர் இறங்கி வருகிறாராம். மூத்தவன் நியாயம் சொன்னான்.

"அக்கா, அது ஒவ்வொரு நாளும் கறிக்குக் கத்தினது. ஒருநாள் உண்மையாக் கத்துமெண்டு ஆர் கண்டது?"

சாவிக்கொத்து

இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. பிறம்ரனில் வெயார்ஹவுஸ் வேலை செய்யும் ஒரு தம்பி, போன் அணையவே கூடாது என்று மேலதிகப் பற்றறி ஒன்றைக் கால்சட்டைப் பைக்குள் சும்மா போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான். அதே பைக்குள் சாவிக்கொத்து, சில்லறை எல்லாம். இரும்பு இரண்டு முனையிலும் பட்டால் பற்றறிக்குக் கோபம் வரும் என்பது பெட்டியில் எழுதியிருக்கிறது. பெட்டியை யார் வாசிக்கிறார்கள்?

அவன் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் குழந்தையோடு ஒரு பெண், அவளுடைய தாய், ஒரு அங்கிள். திடீரென்று அவன் "ஐயோ" என்று பையைப் பிதுக்கி எதையோ நிலத்தில் எறிந்தான். அது சீறியது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை.

நான் நிமிர்ந்து பார்க்கிறேன், கடையில் ஒருவரும் இல்லை. எல்லாரும் நிலத்தில். தம்பி தலைக்கு மேல் இரண்டு கையையும் வைத்துக் குப்புறக் கிடக்கிறான். அங்கிள் கார்ட் ஸ்ராண்டுக்குப் பின்னால். அந்தப் பெண் குழந்தையைத் தனக்குக் கீழே போட்டு மூடியிருக்கிறாள், அவளுக்கு மேலே தாய். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் படுக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. விளக்குமாற்றால் அந்தப் பற்றறியை வாசலுக்கு வெளியே பனிக்குள் தள்ளிவிட்டு வந்தேன். அவர்கள் மெல்ல எழும்பித் தூசு தட்டினார்கள். சிரிப்பு வரவில்லை ஒருவருக்கும். அந்தப் பெண் குழந்தையின் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டே என்னைக் கேட்டாள்.

"அக்கா, நீங்கள் நாட்டை விட்டு எப்ப வந்தனீங்கள்? சண்டைக்கு முந்தியோ?"

மண் வாளி

அதற்குப் பிறகு நான் ஒரு வாளி மண் வாங்கி மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன். பற்றறி எதுவும் சீறினால் அதற்குள் போடலாம். குகன் அண்ணைக்குப் பிடிக்கவில்லை. சனம் பயந்துவிடும், கொஞ்சம் மூலையில் தள்ளி வையும் என்றார். மூலையில், நாட்காட்டிக்குக் கீழே தள்ளி வைத்தேன். நாட்காட்டியில் முருகன் படம்.

சனத்தின் மனம் எந்த நிலையில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு நாள் போகவில்லை, வாளிக்குள் ஊதுபத்தி நட்டிருக்கிறது. யார் முதலில் நட்டார்கள் என்று தெரியாது. அடுத்த நாள் பூவும் இருந்தது. போன் சரிபண்ண வருகிறவர்கள் அந்த மூலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் மேசைக்கு வருவார்கள். நான் ஊதுபத்தியைப் பிடுங்கினால் ஏதோ பாவம் செய்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். கடைசியில் விட்டுவிட்டேன். குகன் அண்ணை வாளியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நெருப்பணைக்க வைச்ச வாளியிலயே நெருப்பு வைச்சிட்டுதுகள். இனி ஐயர் ஒராள்தான் வேணும்."

ஒரு நிமிஷம்

தேவன் அண்ணையின் கதைக்கு வருகிறேன். சித்திரை மாதம் அவருடைய போனும் உப்பத் தொடங்கியது. உப்பாமல் என்ன செய்யும்? ரக்சியில் சிகரெட் பற்றவைக்கிற துவாரத்தில் இரட்டைச் சார்ஜர் ஒன்றைச் செருகி, ஒரு பக்கம் போன், மறுபக்கம் கறன்ற் சிகரெட். இரண்டையும் சூட்டுக் காற்று அடிக்கிற இடத்திலேயே வைத்திருந்தார். போன் நிரம்பினாலும் கழற்றமாட்டார். மூடி ஒரு பக்கம் கிளம்பிவிட்டது.

அண்ணை, தாங்கோ, மாற்றித் தருகிறேன் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். போனை அணைத்து, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டு, திரும்ப உயிர் வர ஒரு நிமிஷம், கூடினால் இன்னும் கொஞ்சம். அவர் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

நானும் வழி தேடிப் பார்த்தேன். சிம்மை என்னுடைய போனில் போட்டு வைப்போமா என்றேன். அதை எடுப்பதற்கும் போனை அணைக்கத்தானே வேண்டும். புதுப் பற்றறியை நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டு, கண் மூடித் திறக்க முதல் மாற்றுகிறேன் என்றேன். இது வெடித்தால் போனும் போகும், நம்பரும் போகும், நீங்களும் போவீர்கள் என்று கோபப்பட்டும் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. உப்பின போனைத் தொடையில் வைத்துக்கொண்டு ரக்சி ஓட்டப் போய்விட்டார். அன்றிலிருந்து தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் எனக்கு அவருடைய முகம்தான். வாசலில் நின்று அவர் சொன்னது இது.

"சுபாவுக்கு ஒரு வழி கிடைச்சு, ஆற்றையோ போனை வாங்கி எனக்கு எடுக்கிறது அந்த ஒரு நிமிஷமெண்டா?"

சுவரைப் பார்த்தபடி

வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்த நாள். கடை திறந்திருந்தது, வியாபாரம் இல்லை. வந்தவர்கள் ஒன்றும் வாங்கவில்லை, போகவுமில்லை. ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு போனும் அடிக்கவில்லை.

தேவன் அண்ணை வந்தார். போனைத் துணியில் சுற்றிப் பிடித்திருந்தார், வெறும் கையால் பிடிக்க முடியாத சூடு. மூடி கழன்றுவிட்டது. பற்றறியிலிருந்து இனிப்பான ஒரு மணம் வந்தது. அந்த மணம் வந்தால் தாமதிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். கெஞ்ச நேரமில்லை. கையை நீட்டினேன். அவர் போனை மேசையில் வைத்தார். "நீர் மாத்தும். நான் பாக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அணைத்தேன். பழையதை நெம்பாமல், குத்தாமல், மெல்லத் தட்டி எடுத்தேன். எடுத்த கையோடு அது சீறத் தொடங்கியது. மண் வாளிக்குள் போட்டு ஊதுபத்தியும் பூவுமாய் மேலே மண்ணை அள்ளி மூடினேன். புதியதைப் போட்டு அழுத்தினேன். திரையில் வெளிச்சம் வந்து, கொம்பனியின் படம் வந்து, சிக்னல் தேடித் தேடி நின்றது. சிக்னல் வந்தது. தவறின கோல் என்று மெசேஜ் ஒன்றும் வரவில்லை. அண்ணை, ஒருவரும் எடுக்கவில்லை என்றேன். அவர் திரும்பினார்.

"ஒருத்தரும் எடுக்கேல்லை எண்டது நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, தங்கச்சி?"

புதுப் பற்றறி

ஆனி மாதம் ஒரு பின்னேரம் அவர் திரும்ப வந்தார். கதவைத் திறக்கும்போதே "சுபா கோல் எடுத்தவள்" என்றார். முகாம் ஒன்றிலிருந்து, யாருடையவோ போனில். குகன் அண்ணை மேசையைச் சுற்றி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பக்கத்துக் கடையிலிருந்து வடை வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவுமில்லை. அந்த நம்பரைக் காப்பாற்றியதில் என் கையும் இருக்கிறதே என்று ஒரு பெருமை.

வடையைக் கையில் வைத்துக்கொண்டு தேவன் அண்ணை மெல்ல என் பக்கம் வந்தார். கறன்ற் சிகரெட்டின் பற்றறி களைத்துவிட்டதாம், புதியது ஒன்று வேண்டுமாம். "நேர்த்திதான் முடிஞ்சுதே அண்ணை, இனி என்னத்துக்கு உது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். கேட்டு முடிக்கும்போதுதான் அவர் நேர்த்தி வைத்தது இரண்டு குரலுக்கு என்பது நினைவு வந்தது. என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த தன் போனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் போட்ட பற்றறி, கோடு ஒன்றும் குறையாமல் முழுதாக நிரம்பியிருந்தது.

"பிள்ளை தன்ரை கதையெல்லாம் சொன்னவள். தாயைப் பற்றி நான் கேக்கேல்லை, அவளும் சொல்லேல்லை. பிறகு அவள் 'அப்பா, அம்மா...' எண்டு தொடங்கினவள். உந்தப் பற்றறி முடியப்போகுது, பிறகு கதைப்பம் எண்டு சொல்லிப் போனை வைச்சிட்டன், தங்கச்சி."

நான் விற்ற பற்றறியைக் குறை சொன்னவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், அவர்களில் நான் எதிர்த்துப் பேசாமல் விட்டது அந்த ஒரு மனுஷனைத்தான்.